பலகை நுனி

முதல் தீவைத் தாண்டியதும் கச்சான் காற்று ஏறியடித்தது. பாய் புடைத்து வத்தைப் படகு ஒருபுறம் சாய்ந்தது. அது கவிழாமலிருக்க, மறுபுறம் கடலுக்கு மேல் நீட்டியிருந்த பலகையில் சவேரியான் நின்றான். பாய்மரத்திலிருந்து வந்த கயிற்றை வலது கையால் பிடித்திருந்தான். இடது கையில் நாலு விரலை விசைப்படகில் வலை இழுக்கும் விஞ்சு தின்று மூன்று வருடமாகிறது. பாய்க்கயிறு அவன் பெண்டாட்டியின் தம்பி மிக்கேலிடம். அதைச் சற்றே தளர்த்தினால் போதும், வத்தை நிமிர்ந்து பலகை தண்ணீருக்குள் போய்விடும்.

"மச்சான், இன்னும் ஒரு அடி வெளிய போங்க."

போனான். காற்று நிஜமாகவே கூடியிருந்தது. மாட்டேன் என்று சொல்ல வழியில்லை. கீழே தெளிந்த நீரில் பவளப் பார்கள் முள் முள்ளாகத் தெரிந்தன.

"விடியக்காலம் அக்கா வீட்டுக்கு வந்துச்சு" என்றான் மிக்கேல். "கஞ்சி குடுத்தோம். வாயத் தொறக்க முடியல."

"குடும்பம்னா முன்னப்பின்ன இருக்கும் மாப்ள. நீ பாயப் பாரு."

"பாத்துக்கிட்டுதான் இருக்கேன். இன்னும் ஒரு அடி."

பலகையில் இனி ஒரு அடி இல்லை. குதிகால் வெளியே தொங்க, கால்விரல்களால் மரத்தைக் கவ்வினான். மிக்கேல் பாய்க்கயிற்றில் ஒரு சுற்றை நிதானமாகக் கழற்றினான்.

"அக்காவ அடிச்ச கை அதுதான மச்சான்?"

சவேரியான் கயிற்றைப் பிடித்திருந்த வலது கையைப் பார்த்தான்.

"அத எடுங்க. மத்தக் கையால பிடிங்க."

சவேரியான் நாலு விரல் போன கையைக் கயிற்றுக்குக் கொண்டுபோனான்.