சுவரிலிருந்து ஐந்து மீட்டர்

எறிபொருளின் பாதையைக் கணினித் திரையில் வரைந்து காட்டிவிட்டு, அந்தப் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த இயற்பியல் ஆசிரியை மெர்லின் வகுப்பை முடித்தாள். பூவிழி மட்டும் போகாமல் நின்றாள்.

“மிஸ், ஒருத்தர் மொட்டை மாடியிலேர்ந்து விழுறாங்க. உயரம் பன்னிரண்டு மீட்டர். சுவத்துலேர்ந்து அஞ்சு மீட்டர் தள்ளிக் கிடக்காங்க. போட்டுப் பாருங்க.”

மெர்லின் எண்களைத் தட்டினாள். கோடு வளைந்து இறங்கியது. “கால் இடறினா இவ்வளவு தூரம் போகாதும்மா. ஓடிவந்து குதிச்சிருக்கணும். இல்லேன்னா யாராவது தள்ளியிருக்கணும்.”

“எங்கம்மாவால ஓட முடியாது மிஸ். ஊன்றுகோல் வச்சுதான் நடப்பாங்க. கால் தவறிடுச்சுன்னு அப்பாதான் போலீஸ்ல சொன்னாரு.”

பள்ளி வாசலில், மகளை அழைத்துப்போக வந்திருந்த பூவிழியின் அப்பா ஹாரன் அடித்தார். மெர்லின் எழுந்துபோய் வகுப்பறைக் கதவைத் தாழிட்டாள்.