பெரிய வெள்ளிக்கு ஒரு நடுவர்

“அக்கா, பஸ் பாலத்துல ஏறிடுச்சு! அந்தச் சர்க்கரை டப்பாவை எங்கேயாவது ஒளிச்சு வைங்க. விருந்தாளி பார்த்தா சிரிப்பாங்க!”

பாதி உடம்பு ஜன்னலுக்கு வெளியே தொங்க, மரினால்வா கத்தினாள்.

“நான் எதுக்குடி ஒளிக்கணும்? உப்பைக் கொட்டிப் பயறைக் கெடுத்து வச்சிருக்கியே, அதைக் கொண்டுபோய் ஒளிச்சு வை,” என்றாள் அவள் ஓரகத்தி ஒத்தீலியா.

கஷுவேரா ஊரில் பெரிய வெள்ளியன்று தேங்காய்ப்பாலில் கடைந்த பயறு இல்லாத வீடு கிடையாது. அதில் சர்க்கரை போடுவதா, உப்பு போடுவதா என்பதுதான் தகராறு. ஊர் முழுக்க இரண்டு கட்சி. இந்த வீட்டிலோ ஒரே அடுப்படிக்குள் இரண்டு கட்சி. மாமியார் இருந்தவரை ஒரு வருஷம் சர்க்கரை, மறு வருஷம் உப்பு என்று இரண்டு மருமகள்களையும் சமாளித்து வந்தார். இந்த வருஷம் கார்னிவல் திருவிழாவுக்கு முன்னால் கண்ணை மூடிவிட்டார். தெருவே வந்து சாப்பிடும் அந்தப் பெரிய பானை இனி யார் பொறுப்பு என்பதை மட்டும் சொல்லாமலே போய்விட்டார்.

மரினால்வாவுக்கு அந்தப் பானை வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பெரிய வெள்ளிக்கு வெண்டைக்காய் நறுக்குவதுதான் அவள் வேலை. பானைக்குப் பக்கத்தில் கரண்டியோடு நிற்பவளைத்தான் தெரு மதிக்கும். வெண்டைக்காய் நறுக்குகிறவளை யார் கண்டுகொண்டார்கள்?

போன வாரம்தான் எவெரால்டோ அந்தச் செய்தியோடு ஓடி வந்தான். பழைய ஊர்களைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி அவன். வெளியூர்க்காரர்களை இந்த வீட்டுக்குத்தான் சாப்பிட அழைத்து வருவான்.

“பெரிய வெள்ளிக்கு ஒரு அம்மா வராங்க. எங்கேர்ந்து தெரியுமா? ஆப்பிரிக்கா! லாகோஸ்!”

வீடே துள்ளியது. அமெரிக்காக்காரர்கள் வந்திருக்கிறார்கள், பிரான்ஸ்காரர்கள் வந்திருக்கிறார்கள். முன்னோர்களை அடிமைகளாகச் சங்கிலி போட்டுக் கப்பலில் ஏற்றிய அந்தக் கரையிலிருந்து ஒருத்தர்கூட இந்த மேஜையில் உட்கார்ந்ததில்லை.

“நம்ம சமையலெல்லாம் அங்கேர்ந்து வந்ததுதானே? மூல ஊர்க்காரி வரட்டும். எது சரின்னு அவளே சொல்லட்டும்,” என்றாள் ஒத்தீலியா.

“சரிக்கா. தோத்தவங்க ஆயுசுக்கும் வெண்டைக்காய்தான். பேச்சு மாறக் கூடாது.”

“நான் ஏன் மாறப்போறேன்? நீ கத்தியைத் தீட்டி வச்சுக்கோ.”

இதோ, அந்த அம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள். பெயர் ரோன்கே. நீலத் தலைப்பாகையும் மடிப்புக் கலையாத நீல உடையுமாக, பார்க்கவே கம்பீரமாக இருந்தாள். உள்ளே வந்தவள் நிலைப்படியைத் தடவினாள், சுவரைத் தடவினாள். கண் கலங்கிப்போய் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பாவம், சுவர் நம்ம மேல விழுந்துடுமோன்னு பயப்படறாங்க போல,” என்று மரினால்வா கிசுகிசுத்தாள். “அப்பவே சொன்னேன், சுண்ணாம்பு அடிக்கலாம்னு.”

“உன் பயறை நினைச்சுக் கண் கலங்குதோ என்னமோ.”

மேஜையில் பொரித்த மீன், இறால் போட்ட வெண்டைக்காய்க் கூட்டு, நடுவில் பயறு இரண்டு கிண்ணம். எது யாருடையது என்று விருந்தாளிக்குச் சொல்லக் கூடாது என்று ஏற்பாடு. தோற்றுப்போகிறவளைக் கேலி செய்ய அக்கம்பக்கத்து முகங்களெல்லாம் ஜன்னலில் வந்து அடைந்துகொண்டன.

ரோன்கே இரண்டு கிண்ணங்களையும் போனில் படம் பிடித்தாள். முதலில் உப்புப் பயறு. ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடி, தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.

மரினால்வாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. “பாத்தீங்களா? பாத்தீங்களா அக்கா?”

“பொறுடி, இன்னும் ஒண்ணு இருக்கு.”

அடுத்து சர்க்கரைப் பயறு. அதே மாதிரி கண்ணை மூடினாள், அதே மாதிரி தலையை ஆட்டினாள். மறுபடி உப்பு. மறுபடி சர்க்கரை. இரண்டு கிண்ணமும் வழித்தெடுத்தாற்போல் காலியாயின.

“ரெண்டையும் தின்னு முடிச்சாச்சு, தீர்ப்பைக் காணோமே!” என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது.

மரினால்வா வாய்க்குள்ளேயே எல்லாப் புனிதர்களையும் கூப்பிட்டாள். ஒத்தீலியாவின் கையும் ஜெபமாலையைத் தேடியதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

ரோன்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு எவெரால்டோவிடம் திரும்பி, கைகளை ஆட்டி ஆட்டி ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னாள். கேட்கக் கேட்க அவன் வாய் திறந்துகொண்டே போனது.

“என்னடா சொல்றாங்க? உப்பா?” என்றாள் மரினால்வா.

“சர்க்கரைதானே?” என்றாள் ஒத்தீலியா.

எவெரால்டோ தலையைச் சொறிந்தான்.

“இவங்க முப்பாட்டனார் இந்த ஊர்லயே அடிமையாப் பொறந்து, விடுதலை ஆனதும் லாகோஸுக்குக் கப்பல் ஏறினவராம். பெரிய வெள்ளிக்கு இந்தப் பயறு செய்யற வழக்கத்தை இங்கேர்ந்துதான் அங்கே கொண்டுபோனாராம். அதுல உப்பு போடணுமா, சர்க்கரை போடணுமான்னு இவங்களுக்கும் இவங்க அக்காவுக்கும் வருஷா வருஷம் அடிதடியாம். ‘மூல ஊர்க்காரங்க நீங்கதான், எது சரின்னு நீங்க சொல்லுங்க’ன்னு கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்காங்களாம்!”