மூடாத கோப்பு

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கணினித் திரைமேல் போட்டிருக்கிறது. மருத்துவமனையின் அலுவலக அறையில் நர்ஸ் அக்கா குனிந்து, ஆடுகிற ப்ளக்கைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருக்கிறாள். கணினி நிரல் எழுதுகிறவள் விசைப்பலகையில் வேகமாகத் தட்டுகிறாள். எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று சொல்லும் கோப்பை, அவளுடைய புது நிரல் சற்றுமுன் அழித்துவிட்டது. “அதான் அழிஞ்சிடுச்சே, அப்புறம் நான் எதுக்கு இதைப் பிடிச்சிட்டு நிக்கிறேன்?” “பேருதான் அழிஞ்சிருக்கு அக்கா. ஏதாவது ஒரு நிரல் அதைத் திறந்து வச்சிருக்கிற வரைக்கும் உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும். நான் எழுதின மொழியில கோப்பைப் படிச்சதும் மூடிடுவோம். பழைய நிரல் வேற மொழி. காலையில திறந்தா, நிறுத்துற வரைக்கும் மூடாது.” “அதைத்தானே நேத்து காட்டான்னு திட்டினே?” “இப்ப அது கால்ல விழறேன். கரண்ட் மட்டும் போகக் கூடாது, போனா அது நின்னு எல்லாம் போயிடும்.”

பழைய நிரலின் பச்சைக் கட்டம் திரையோரத்தில் துடிக்கிறது. அது பிடித்திருக்கும் கோப்பிலிருந்து வரிகள் புதுக் கோப்புக்கு ஒவ்வொன்றாக இறங்குகின்றன. ப்ளக்கில் சின்னச் சடசடப்பு. திரை மங்கி, மீள்கிறது. அடுத்த அறையில் தட்டிலிருந்து ஊசியை எடுக்கும் ஓசை. “பன்னெண்டாம் நம்பர் பாப்பாவுக்கு எது ஒத்துக்காதுன்னு பார்த்துச் சொல்லுங்கம்மா” என்கிறார் டாக்டர். வரிகள் நிற்கின்றன. நகல் முடிந்துவிட்டது. நிரல் எழுதுகிறவள் குழந்தையின் வரியைத் தேடிப் பிடித்து, ஒவ்வாத மருந்தின் பெயரை உரக்கப் படிக்கிறாள். அடுத்த அறையில் மருந்து நிரப்பிய ஊசி குப்பைத் தொட்டியில் விழும் ஓசை. நர்ஸ் அக்கா இன்னும் ப்ளக்கை விடவில்லை.