இடது இருக்கையின் தடம்

எங்கள் பழைய எஸ்.யூ.வி.க்குத் தகுதிச் சான்று புதுப்பிக்கப் பரிசோதனை நிலையத்துக்குப் போயிருந்தோம். பிரேக், டயர், விளக்கு, புகை என எல்லாவற்றிலும் வண்டி தேறியது.

"செகண்ட் ஹேண்டுன்னு உங்கண்ணன் சிரிச்சாருல்ல, இப்பப் பாக்கச் சொல்லு," என்றார் என் கணவர் தங்கராசு.

பரிசோதகர் வசந்தாமணி அறிக்கையின் கடைசி வரியைக் காட்டினார். இடது முன்னிருக்கைக்குக் கீழே, பிரேக்கே இல்லாத இடத்தில், நாங்கள் வாங்கிய இரண்டு வருடங்களில் நாலாயிரத்து நூறு முறை ஒரு கால் பலமாக அழுந்தியிருந்தது. வண்டியை ஓட்டுவது எப்போதும் அவர்; அங்கே உட்கார்வது நான் மட்டும்தான்.

"பக்கத்துல உக்காந்தவங்க, பயமில்லைன்னு கையெழுத்துப் போட்டாத்தான் சான்று தர முடியும், அக்கா."

"போடு, கோமதி. சாயங்காலம் பொள்ளாச்சி போகோணும்," என்றார் தங்கராசு.

பதினெட்டு வருடங்களாக அவர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்திட்டிருக்கிறேன். பயம் என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு நானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

பேனாவை மேசையில் வைத்தேன்.

"பயமாத்தானுங்க இருக்குது."

வசந்தாமணி 'தேறவில்லை' என்று முத்திரை குத்தினார். தங்கராசு என் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"இந்த வண்டில உனக்கென்ன பயம்?"

"வண்டில ஒண்ணுமில்லீங்க," என்றேன்.