பிணையாளி

பருத்தித்துறை லீசிங் கம்பனியின் மாடியில் மின்விசிறிக் காற்றுக்குத் தாள்கள் படபடக்கின்றன. கீழே யாழ்ப்பாணப் பஸ் ஹோண் அடிக்கிறது. கமலாவதியின் கையில் பேனை. பக்கத்தில் கணவனின் தங்கை கஜந்தினி. கடனுக்கு வாங்கப்போகும் ஸ்கூட்டியின் படத்தை மடியில் விரித்து வைத்திருக்கிறாள். மேசைக்கு அந்தப் பக்கம் கழுத்துப்பட்டி கட்டிய பார்த்தீபன் தாளில் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டுகிறான். "பிணையாளி எண்ட இடத்திலை கையெழுத்து வையுங்கோ, அக்கா." கமலாவதி நிமிர்கிறாள். "பிணை எண்டால் பொலிஸ் பிடிச்ச ஆளை வெளியிலை எடுக்கிறதெல்லே, தம்பி? இஞ்சை ஆரைப் பிடிச்சது?" அவன் சிரிப்பை அடக்குகிறான். "இது கடனுக்குப் பிணை. இவ கட்டாட்டி நீங்கள் கட்டவேணும்." "அப்ப ஸ்கூட்டி?" "இவவின்ரை தான்." "அதுக்கு நான் ஏன் கட்டவேணும்?" "இவ கட்டினால் நீங்கள் ஒண்டும் கட்டத் தேவையில்லை, அக்கா." கட்ட வேண்டுமா, வேண்டாமா? கமலாவதிக்குத் தலை சுற்றுகிறது. கஜந்தினியிடம் திரும்புகிறாள். "நீ கட்டாமல் விடுவியோடி?" விளங்காமல்தான் கேட்டாள். கஜந்தினியின் முகம் கறுக்கிறது. "என்னை நம்பேல்லையோ, மச்சாள்?" படத்தை மடித்துக்கொண்டு எழும்புகிறாள். அவளின் செருப்புச் சத்தம் படியை நோக்கிப் போகிறது. "நில்லடி, ஆர் நம்பேல்லை எண்டது?" கத்திக்கொண்டே கமலாவதி அவசர அவசரமாகப் பெயரை எழுதிவிடுகிறாள். செருப்புச் சத்தம் நிற்கிறது. பார்த்தீபன் தாளைப் புரட்டுகிறான். "இன்னும் மூண்டு இடத்திலை வைக்கவேணும், அக்கா." பேனை அப்படியே அந்தரத்தில் நிற்கிறது. "அது ஆருக்கு, தம்பி?"