ஞாயிற்றுக்கிழமைப் படம்

"இங்க வந்து பாரேன். நம்ம பொண்ணு போட்டோ அனுப்பியிருக்கா" என்று ஃபோர்மேன் கூடத்திலிருந்து குரல் கொடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்திருந்தார்.

சமையலறையில் அவர் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "கை ஈரமா இருக்கு, அப்புறம் பாக்கறேன். அந்த மஞ்சள் அவளுக்கு நல்லாத்தான் எடுக்குது" என்றாள், தேய்ப்பதை நிறுத்தாமல்.

எடுப்பாகத்தான் இருந்தது. ஹாஸ்டல் வாசற்படியில், மஞ்சள் சுடிதாரில், புத்தகத்தை மார்போடு அணைத்தபடி மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஃபோர்மேன் பட்டன் போனைத் தூக்கிப் போட்டுவிட்டு இந்த டச் போனை வாங்கியதே இந்தப் படங்களுக்காகத்தான். வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்த மகள் பேசுவது குறைவு. ஆனால் ஞாயிறு தவறாமல் ஒரு படம் மெயிலில் வந்துவிடும். திங்கட்கிழமை அதைப் பம்ப் பட்டறை முழுக்கக் காட்டிவிட்டுத்தான் மெஷினில் கை வைப்பார்.

முக்கியமாக முதலாளியிடம் காட்டுவார். படிப்பு முடிந்ததும் முதலாளியின் தம்பிக்குத்தான் மகள் என்று வாக்குக் கொடுத்திருந்தார். "எனக்கு அவர் வேணாம்பா" என்று மகள் ஒருமுறை அழுதாள். மனைவி வாயைத் திறக்கவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு வந்த படம் திறக்க மறுத்தது. போனில் இடமில்லை என்று எழுத்து வந்து நின்றது. மாலையில் தெருமுனை மொபைல் கடைக்கு எடுத்துப்போனார்.

"மெமரி ஃபுல் சார். பழசை அழிச்சிடவா?" என்றாள் கடைக்காரப் பெண்.

"என் பொண்ணு படத்துல கை வைக்காதம்மா. மத்தது எதையும் அழிச்சிக்கோ."

"சரி, அதையெல்லாம் கார்டுக்கு மாத்தி, எடுத்த தேதிவாரியா அடுக்கித் தர்றேன். தேடுறதுக்குச் சுலபம்." கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைத் தட்டியவள் நெற்றியைச் சுருக்கினாள். "எல்லாம் ஒரே தேதியிலயே போய் விழுதே."

"அதெப்படி? வாராவாரம் வந்ததாச்சே."

"வந்த தேதி வேற, எடுத்த தேதி வேற சார். எடுத்த தேதி படத்துக்குள்ளயே இருக்கும், பாருங்க." பிறகு சிரித்தாள். "ஒரே நாள்ல உங்க பொண்ணு எத்தனை டிரஸ் மாத்தியிருக்கு."

ஃபோர்மேன் குனிந்து தேதியைப் பார்த்தார். மகளை ஹாஸ்டலில் சேர்த்த நாள் அது. பட்டறையில் வேலை நெருக்கியதால் அவர் போகவில்லை. மனைவிதான் கூடப் போய் விட்டுவிட்டு வந்தாள். அம்மாவை பஸ் ஏற்றிவிட்ட கையோடு இந்த நாடகத்தை ஆரம்பித்திருக்கிறாள்.

கடை வாசலில் நின்றே ஹாஸ்டலுக்குப் போன் போட்டார்.

"அந்தப் பொண்ணா?" என்றார் வார்டன். "சேர்ந்த மறுநாளே பெட்டியோட கிளம்பிடுச்சே. வீட்டுக்குத் தெரியும்னு சொல்லிச்சே. உங்களுக்குத் தெரியாதா?"

ஃபோர்மேன் இணைப்பைத் துண்டித்துவிட்டு மகள் எண்ணுக்குப் போட்டார். அடித்து அடித்து ஓய்ந்தது.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். நூலகத்தில் சிரித்தாள், மரத்தடியில் சிரித்தாள், சாப்பாட்டு மேஜையில் கன்னத்தில் கை வைத்துச் சிரித்தாள். பட்டறை முழுக்கப் பெருமையாகக் காட்டிய அத்தனை சிரிப்பும் தன்னைப் பார்த்துச் சிரித்தது போலிருந்தது.

இல்லை, தன்னைப் பார்த்து இல்லை. படம் எடுத்த ஆளைப் பார்த்து. அந்தக் கண்ணில் அப்படியொரு நம்பிக்கை. தன்னை அவள் ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

யார் அவன்? தோளில் தூக்கி வளர்த்தவனை முட்டாளாக்கச் சொல்லிக்கொடுத்தவன் யார்?

முதலாளி முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலைகூடப் பின்னால் போய்விட்டது. இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது? பாவம், வெள்ளந்தி. கேட்டால் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். வழி நெடுக வார்த்தைகளைத் தேடிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

"அடுப்பை அணைச்சிட்டு இப்படி வந்து உக்காரு" என்றார். "மனசைத் திடப்படுத்திக்கோ."

அவள் வந்து எதிரே உட்கார்ந்தாள். அவர் மெதுவாக, விட்டுவிட்டுச் சொன்னார். தேதியைச் சொன்னார், வார்டன் சொன்னதைச் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல்தான் உடைந்தது.

"நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டுப் போயிட்டாளே. உன்கிட்டக்கூட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையே அவளுக்கு."

மனைவி அழவில்லை. அவர் கையிலிருந்து போனை வாங்கி, மகளின் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளை விடு, சின்னப் பொண்ணு" என்று ஃபோர்மேன் பல்லைக் கடித்தார். "இந்தப் படத்தையெல்லாம் எடுத்துக் கொடுத்து அவளை அனுப்பி வெச்சவன் எவனோ, அவன் மட்டும் யாருன்னு தெரியட்டும்."

அவள் போனை மேஜைமேல் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து இல்லாத வழக்கமாக, அவர் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"நான்தாங்க எடுத்தேன்."