இருபத்தேழாவது எழுத்து

"எண்ணிப் பாரும்மா. ஒவ்வொரு இருபத்தேழாவது எழுத்தையும் சேர்த்துப் படிச்சா, 'தம்பியைப் பார்'னு வருது. வேதத்துலயே ஒளிச்சு வெச்சிருக்கு!"

கணவர் மறைநூலைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்தார். நில அளவையராக இருந்து ஓய்வு பெற்றவர். அளவுச் சங்கிலி பிடித்த காலத்தில் ஓர் அங்குலமும் பிசகாதவர். மனைவியோ முப்பது ஆண்டுகளாக அச்சகத்தில் பிழை திருத்துபவள். ஒரு புள்ளி விடுபட்டாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"இப்படி எண்ணினா எந்தப் புத்தகத்துலயும் எது வேணும்னாலும் வரும். குக்கரோட குடுத்த புத்தகத்துல எண்ணுங்க, என் பேரே வரும்."

"குக்கர் புத்தகத்தை யாரு கும்பிடுறா?"

"சரி, கடவுள்தான் சொல்றார்னே வெச்சுக்குவோம். தம்பியைப் பாருன்னு நேரா சொல்ல அவருக்கு என்ன கூச்சம்?"

"சிலதை நேரா சொல்ல வராது," என்றார், அவள் முகத்தைப் பாராமல்.

வீட்டைப் பங்கிட்டபோது அவருக்கும் அவர் தம்பிக்கும் சண்டை மூண்டது. "அவனா கூப்பிடாம அவன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்று பதினோர் ஆண்டுகளுக்கு முன்னர் உறவினர் அத்தனை பேர் எதிரிலும் சூளுரைத்தவர். சென்ற மாதம் தம்பிக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோதும் அசையவில்லை. அவள் கெஞ்சியும் பார்த்தாள்; இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தாள்.

"இன்னிக்குக் காலையிலதான் கண்டுபிடிச்சேன். நீ சரின்னு சொன்னா கிளம்பிடலாம். கடவுள் உத்தரவை மீற முடியுமா?" என்றவர், எழுத்துகளைக் குறித்திருந்த தாளை அவளிடம் நீட்டிவிட்டு முகம் மழிக்கச் சென்றார்.

சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு எண்ணினாள். நான்கு எழுத்துகள் சரியாக வந்தன. ஐந்தாவது, இருபத்தெட்டில் நின்றது, ஏழாவதோ முப்பத்தொன்றில். மீண்டும் எண்ணினாள். பிழையேதான்.

சொன்னால் பயணம் நின்றுவிடும். பிழையைக் குறிக்காமல் விட அவள் கை பழகியதில்லை. மூன்றாம் முறை எண்ணிவிடலாம் என்று மறைநூலின் பக்கத்தைப் புரட்டினாள்.

உள்ளே செருகியிருந்த தாளொன்று மடியில் விழுந்தது. தம்பி ஊருக்கு ரயில் டிக்கெட், இருவருக்கு. பதிவு செய்து ஆறு நாள் ஆகியிருந்தது.

"என்னம்மா, சரியா இருக்கா?" குளியலறையிலிருந்து குரல் வந்தது.

டிக்கெட்டை இருந்த இடத்திலேயே செருகிவிட்டு, அவர் தந்த தாளின் ஓரத்தில் 'பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.